சாவியை உடனே திருகாதீர்கள்

பல ஆண்டுகளாகக் கரையேறிக் கிடக்கும் ஒரு விசைப்படகை வாங்குகிறவர் பெரும்பாலும் முதலில் செய்வது, புது பேட்டரி ஒன்றை மாட்டி ஸ்டார்ட்டரை அழுத்திப் பார்ப்பதுதான். ஓடுமா ஓடாதா என்று தெரிந்துகொள்ளும் ஆவல். காப்பாற்றியிருக்கக்கூடிய இன்ஜின், அந்த ஒரு அழுத்தலில் காயலான் கடைக்குப் போய்விடலாம். பழைய படகை மீட்டெடுக்க விரும்புகிறவர் முதலில் கற்க வேண்டியது பொறுமையை. அம்பத்தூர்க்காரர்களுக்கும் இது அவசியமான பாடம்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை நாள்கணக்கில் வெள்ளத்தில் நின்றது. லேத்துகள், சி.என்.சி. இயந்திரங்கள், மோட்டார்கள் எல்லாம் மூழ்கின. தெருக்களில் பைக்குகளும் கார்களும் மூழ்கின. தண்ணீர் குடித்த இயந்திரத்தை என்ன செய்வது? கடற்கரை மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த கேள்வி அந்த வாரம் கடலைப் பார்க்காத இந்த ஊருக்கும் வந்து சேர்ந்தது.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் மேலேறிக் காற்றை அழுத்தும்போது அந்தக் காற்றின் வெப்பநிலை 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதில் டீசல் தூவலாகத் தெறித்ததும் தானே பற்றிக்கொள்ளும். அதற்குக் காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு சுருக்கியாக வேண்டும். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 1 லிட்டர், அமுக்க விகிதம் 17 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்குப் போனதும் தலைக்கு மேல் மிஞ்சும் இடம் சுமார் 62 மில்லிதான். ஒரு சின்ன டீ கிளாஸ் கொள்ளும் அளவு. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. புகைக்குழாய் வழியாகவோ, இற்றுப்போன கேஸ்கெட் வழியாகவோ அதைவிட அதிகமாகத் தண்ணீர் இறங்கியிருந்தால் மேலேறும் பிஸ்டனுக்குப் போக இடமில்லை. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில சமயம் ராடு முறிந்து பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். அதற்குப் பிறகு எந்த மெக்கானிக்கும் ஒன்றும் செய்ய முடியாது.

அதனால்தான் அனுபவசாலிகள் பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வேலையைத் தொடங்குகிறார்கள். டீசலைத் தூவும் நாசில்களை எல்லாம் கழற்றித் துளைகளைத் திறந்து விடுகிறார்கள். பிறகு கடப்பாரையோ நீளமான பாரோ கொடுத்து ஃப்ளைவீலைக் கையால் மெல்லச் சுற்றுகிறார்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் துளை வழியே வெளியே வரும், ராடு தப்பிக்கும்.

சுற்றினாலும் அசையவில்லை என்றால் இன்ஜின் ‘ஜாம்’. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகுகிறது. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே உள்ள நூலிழை இடைவெளியில் அப்படிப் பெருகிய துரு, ஆப்பு அடித்ததுபோல் இறுகிக்கொள்கிறது. சம்மட்டியால் அடித்தால் பிஸ்டன்தான் நொறுங்கும். டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து சிலிண்டருக்குள் ஊற்றி நாள்கணக்கில் ஊறவிட வேண்டும். நுண்ணிய இடுக்குகளுக்குள் எண்ணெய் தானாகவே ஏறிப் பரவும். செடியின் தண்டில் நீர் ஏற உதவும் அதே நுண்புழை விசைதான் இங்கும் வேலை செய்கிறது. ஒரு நாள் ஃப்ளைவீல் மயிரிழை அசையும். அதற்குப் பிறகும் முழுச்சுற்றுக்கு அவசரப்படாமல் முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டே வர வேண்டும்.

கடலில் மூழ்கிய இன்ஜின் விஷயத்தில் ஒரு விந்தை உண்டு. நீருக்கடியில் இருக்கும்வரை அது ஓரளவு பத்திரமாக இருக்கிறது. மேலே தூக்கியதும்தான் வேகமாகத் துருப்பிடிக்கிறது. துருவுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சில மில்லிகிராம்தான். ஒரு லிட்டர் காற்றிலோ சுமார் 270 மில்லிகிராம் இருக்கிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு கலந்த ஈரம் இரும்பின் மேல் படிந்திருக்க, காற்றும் வந்து சேர்ந்தால் சில மணி நேரத்திலேயே செம்பழுப்புப் படலம் தெரியத் தொடங்கும். ஆகவே தூக்கிய உடனே நல்ல தண்ணீரில் அலச வேண்டும். மெக்கானிக் வரத் தாமதமானால் சிறிய அவுட்போர்டு இன்ஜினை நல்ல தண்ணீர் நிரம்பிய டிரம்மிலேயே மூழ்க வைத்திருப்பது நல்லது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழகக் கடற்கரை முழுவதும் படகுகளும் இன்ஜின்களும் சிதைந்து உப்புநீரில் ஊறிக் கிடந்தபோது, எது பிழைக்கும் எது பிழைக்காது என்பதை முதல் சில நாட்களே தீர்மானித்தன.

பழைய படகைப் புதுப்பிக்கும் வேலையைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் தடைக்காலத்தில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்களின் இனப்பெருக்கத்துக்காக விட்ட இந்த ஓய்வில்தான் படகுகள் கரையேறுகின்றன, பலகைகள் மாற்றப்படுகின்றன, இன்ஜின்கள் இறக்கப்படுகின்றன. எண்ணூரில் ஆலை வைத்திருக்கும் அசோக் லேலண்டின் டீசல் இன்ஜின்கள் விசைப்படகுகளில் நெடுங்காலமாக ஓடுகின்றன. லாரியில் ஓடும் அதே குடும்பத்து இன்ஜின்தான் கடலிலும் உழைக்கிறது. அதனால் உதிரிபாகத்துக்கும் பஞ்சமில்லை, கை தேர்ந்த மெக்கானிக்குக்கும் பஞ்சமில்லை.

1964-இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையும் அதைச் சுற்றிய லேத் பட்டறைகளும் இங்கேதான் கதைக்குள் வருகின்றன. அந்தக் கால டீசல் இன்ஜின்கள் பழுதுபார்ப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. தேய்ந்த சிலிண்டர் லைனரை உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். கிராங்க் தேய்ந்திருந்தால் கால் மில்லிமீட்டர் கிரைண்டிங் செய்து அதற்கேற்ற தடித்த பேரிங் போடலாம். மறுபடி தேய்ந்தால் இன்னொரு கால் மில்லிமீட்டர். இப்படி ஒரே கிராங்க் பல பிறவி எடுக்கும். பக்கத்து ஆவடியில் டாங்கிகளும் அவற்றின் இன்ஜின்களும் உருவாகின்றன. செம்பியத்தில் பிஸ்டன் செய்கிறார்கள். ஒரு பழைய படகு இன்ஜினுக்குத் தேவையான அறிவெல்லாம் இந்த ஒரே வட்டாரத்தில் கிடைக்கிறது. நம் மேற்குப் புறநகரின் உண்மையான சொத்து இதுதான் என்று நான் நம்புகிறேன். கழற்றவே முடியாமல் மொத்தமாக மூடி விற்கப்படும் இன்றைய இயந்திரங்களைப் பார்க்கும்போது அந்த நம்பிக்கை இன்னும் உறுதியாகிறது.

மிக நுட்பமான வேலை டீசல் பம்பில் இருக்கிறது. அதற்குள் ஓடும் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் இடையே இடைவெளி இரண்டு, மூன்று மைக்ரான்தான். மனிதத் தலைமயிரின் தடிமன் சுமார் 70 மைக்ரான். நாள்பட்ட டீசலில் நீர் அடியில் தேங்கும்; டீசலும் நீரும் சந்திக்கும் இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து வழவழப்பான கசடாகப் படியும். அந்தக் கசடு பம்புக்குள் போனால் கதை முடிந்தது. எனவே டேங்கை முழுதாகக் கழுவ வேண்டும். ஃபில்டரை மாற்ற வேண்டும். பம்பையும் நாசிலையும் கேலிப்ரேஷன் பெஞ்சில் வைத்துப் பார்க்க வேண்டும். பெட்ரோல் அவுட்போர்டுகளுக்கு வேறொரு தொல்லை. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். இன்ஜின் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை இரக்கமில்லாமல் வெளியேற்றுங்கள்.

படகின் அடியில் பித்தளையோ வெண்கலமோ ஆன புரொப்பல்லர், எஃகு ஷாஃப்ட், உப்புநீர் மூன்றும் சேர்ந்தால் அதுவே ஒரு மின்கலம். மின்சாரம் ஓடும், வலுக்குறைந்த உலோகம் கரையும். 1824-இல் ஹம்ஃப்ரி டேவி பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செம்புத் தகட்டைக் காக்க இரும்பு, துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தும் வழியைக் கண்டார். கட்டி கரைந்தது, செம்பு பிழைத்தது. ஆனால் அரிப்பு நின்றதும் செம்பின் நஞ்சு கடலில் கரைவதும் நின்றது. சிப்பிகளும் பாசியும் அடியில் அப்பிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைத்தன. இன்றும் படகுகளுக்குத் துத்தநாகக் கட்டி போடுகிறோம். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும்.

இரட்டை இன்ஜின் படகுகளில் புரொப்பல்லர்கள் பொதுவாக எதிரெதிர்த் திசையில் சுழலும். ஒன்று படகை இடப்பக்கம் தள்ளினால் மற்றது வலப்பக்கம் தள்ளும்; இரண்டும் ஈடாகிப் படகு நேராகப் போகும். இரண்டும் ஒரே திசையில் சுழன்றால் படகு ஒரு பக்கமாக இழுக்கும். கியர்பெட்டிக்கும் ஷாஃப்ட்டுக்குமான நேர்க்கோட்டைக் கடைசியாகச் சரிபார்ப்பது படகு தண்ணீரில் மிதக்கும்போதுதான். கட்டைமேல் நிற்கும் படகின் உடல் மிதக்கும்போது சற்றே வடிவம் மாறும். கரையில் மில்லிமீட்டர் சுத்தமாகப் பொருத்தியது கடலில் கோணலாகிவிடும்.

எல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்டார்ட்டர். அதற்கு முன் டீசல் குழாயில் உள்ள காற்றை எடுக்க வேண்டும். குளிரூட்டும் பம்பில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே உள்ள ரப்பர் இம்பெல்லர் வறண்டு ஓடினால் சில நிமிடங்களில் கிழிந்துவிடும். காற்று உள்ளே போகும் வாயை அடைக்க ஒரு பலகையும் கையில் இருக்கட்டும். ஆயில் உள்ளே கசிந்து இன்ஜின் கட்டுப்பாடின்றி விரைந்தால், டீசலை நிறுத்தினாலும் அது நிற்காது. காற்றை அடைப்பதுதான் வழி. முதலில் வரும் வெள்ளைப் புகை கொஞ்ச நேரத்தில் மறைந்தால் நல்லது. நீலப் புகை நீடித்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் பாரமோ டீசலோ கூடுதல்.

படகே இல்லாதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. அடுத்த வடகிழக்குப் பருவமழையில் உங்கள் பைக்கோ காரோ பட்டறை மோட்டாரோ மூழ்கினால், தண்ணீர் வடிந்த உடன் சாவியைத் திருகிப் பார்க்காதீர்கள். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ஆயிலைத் திறந்து பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஸ்பார்க் பிளக்கையோ நாசிலையோ கழற்றிவிட்டுக் கையால் சுற்றச் சொல்லுங்கள். மோட்டாராக இருந்தால் நன்றாக உலர்த்தி, இன்சுலேஷன் பார்த்த பிறகே மின்சாரம் கொடுங்கள். உங்கள் தெருக்கோடியிலேயே ஒரு லேத் பட்டறை இருக்கும். புதியது வாங்கும் முன் ஒருமுறை அங்கே காட்டுங்கள்.