ஒடிஞ்சது ஸ்பிரிங்... முழிச்சது நான்!

'துப்பாக்கிப் பூட்டு ரிப்பேர் செய்ய வேண்டியிருப்பதால் இரண்டு நாள் லீவு தேவை' என்று எழுதிக் கொடுத்தேன். சூப்பரின்டெண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடி படித்தார்.

"பூட்டுன்னா திண்டுக்கல் போக வேண்டியதுதானே? அதுக்கு எதுக்குய்யா துப்பாக்கியை இழுக்கறே?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. துப்பாக்கியில் பூட்டு என்றொரு சமாசாரம் இருப்பதே பலருக்குத் தெரியாது. தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டு மச்சில் ஒன்று தொங்காமல் இருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

பாட்டா காலத்துச் சொத்து அது. நிறுத்தினால் என் தாடைக்கு வரும். வீட்டில் எல்லாரும் 'ரைபிள்' என்பார்கள். ரைபிள் என்றால் குழாய்க்குள் திருகு வரி ஓட வேண்டும். இதில் உள்ளே வழவழ. வாய் வழியாக மருந்து கெட்டித்து, சக்கிமுக்கிக் கல்லில் பொறி தட்டி வெடிக்கிற ஜாதி. அப்பா பெயரில் லைசென்ஸ் உண்டு. தேர்தல் வந்தால் ஓட்டுப் போடுகிறோமோ இல்லையோ, இதைக் கொண்டுபோய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, எல்லாம் முடிந்தபிறகு திருப்பி வாங்கி வருவோம். அது வெடித்து நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்து ஒரு பன்றி பயந்து ஓடியதாகவும் தகவல் இல்லை.

ஆனால் தீபாவளிக்குத் தீபாவளி ஒரு கூத்து உண்டு. ராத்திரி விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, மருந்தே போடாமல், அப்பா குதிரையை இழுத்து விசையைத் தட்டுவார். 'ச்சிலுக்!' இருட்டில் ஒரு கொத்துப் பொறி பறக்கும். பிள்ளைகள் கைதட்டும்.

குதிரை என்பது வாயில் கல்லைக் கவ்விக்கொண்டு நிற்கிற சுத்தியல். விசையைத் தட்டினால் பாய்ந்து, எதிரே நிற்கும் எஃகு மடலைக் கல்லால் சீவும். மடல் முன்னால் சாயும். அதன் அடியில் இருக்கும் சின்னக் கிண்ணி திறக்கும். பொறி அதில் கிடக்கும் மருந்தில் விழும். நெருப்பு குழாயின் பக்கத்து ஓட்டை வழியே உள்ளே போகும். பொறி கல்லிலிருந்து வருகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். கிடையாது. கல் சீவி எடுக்கிற எஃகுத் துணுக்குதான் காற்றில் எரிகிறது! இத்தனைக்கும் உயிர்நாடி, பூட்டுத் தகட்டுக்கு உள்பக்கம் 'வி' மாதிரி மடங்கி உட்கார்ந்திருக்கும் ஒரு ஸ்பிரிங்.

போன தீபாவளிக்கு அது ஒடிந்தது. அப்பா தானே மச்சிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து, விளக்கை அணைக்கச் சொல்லி, குதிரையை இழுத்தார். 'டக்' என்று ஒரு சத்தம். குதிரை தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. "பாட்டா, பொறி எங்கே?" என்கிறான் என் பையன். எண்பத்திரண்டு வயசு மனுஷர், தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க அப்பா தந்ததுடே. என் கையிலல்லா ஒடிஞ்சு போச்சு."

அதற்கப்புறம் மச்சுப் பக்கமே அவர் திரும்பவில்லை.

இங்கே உங்களிடம் மட்டும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தீபாவளிக்கு நாலு மாசம் முந்தி ஆபீஸ் நண்பர்கள் வீட்டுக்கு வந்தபோது, துப்பாக்கியை இறக்கி, குதிரையை முழுக்க இழுத்து நிறுத்தி, போஸ் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டது நான். அப்படியே கொண்டுபோய் மாட்டியதும் நான். பாதி இழுப்பு, முழு இழுப்பு என்று குதிரைக்கு ரெண்டு நிலை உண்டு. முழு இழுப்பில் ஸ்பிரிங் ஒரேயடியாக அமுங்கி நிற்கும். நாலு மாசம் நின்றது.

முதலில் போனது ஊர்க் கொல்லப் பட்டறைக்கு. ரெண்டு துண்டையும் கையில் கொடுத்ததும், கங்கைத் தொட்டவர் மாதிரி அண்ணாச்சி என் கையிலேயே திரும்ப வைத்தார்.

"அருவா அடிச்சா கூலி, இத அடிச்சா களி! ஆளை விடுங்க தம்பி."

அவர் சொன்னது நிஜம். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி செய்வதற்கு மட்டுமல்ல, ரிப்பேர் செய்வதற்கும் லைசென்ஸ் வேண்டும். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, லைசென்ஸ் இல்லாமல் கைவைத்தால் குறைந்தது 7 வருஷம். ஆயுள் தண்டனை வரைகூடப் போகலாம். சரி, ஒடிந்த பழசுதானே, சும்மா கிடக்கட்டும் என்றால் அதுவும் முடியாது. ரிப்பேர் செய்தாலும் சுட முடியாது என்கிற நிலையில் இருந்தால்தான் பழைய துப்பாக்கிக்குச் சட்டம் விலக்குத் தருகிறது. ஒரு ஸ்பிரிங்கில் பிழைத்துக்கொள்கிற கேஸுக்கு அந்தச் சலுகை இல்லை.

ஸ்கூட்டரில் கிளட்ச் கேபிள் அறுந்தால் கடையில் போய் நம்பர் சொல்லி வாங்கி மாட்டுகிறோம். இதற்கு ஏன் அப்படிக் கிடைக்காது? அந்தக் காலத்துப் பூட்டு ஒவ்வொன்றும் அரம் போட்டு, ஒன்றுக்கு ஒன்று பொருத்திப் பொருத்திச் செய்தது. ஒரு துப்பாக்கியின் ஸ்பிரிங் பக்கத்துத் துப்பாக்கிக்குச் சேராது. 1785-ல் ஒனோரே பிளாங்க் என்ற பிரெஞ்சுக்காரர், ஒரே அச்சாகச் செய்த துப்பாக்கிப் பூட்டுகளின் பாகங்களைக் குவித்து வைத்து, கைக்கு வந்ததை எடுத்து மாட்டுங்கள் என்றார். மாட்டிப் பார்த்து அசந்துபோனவர் தாமஸ் ஜெபர்சன். அப்போது பிரான்சில் அமெரிக்கத் தூதர், பிற்பாடு ஜனாதிபதி. நம் ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்கெல்லாம் இந்தப் பூட்டு ஒருவகையில் பாட்டன் முறை. பாட்டனுக்குத்தான் ஸ்பேர் கிடையாது.

விசாரித்ததில், பக்கத்து மாவட்டத்தில் லைசென்ஸ் உள்ள பெரியவர் ஒருவர் இருப்பதாகத் தெரிந்தது. ரெண்டு திருகாணியைக் கழற்றினால் பூட்டு மட்டும் தனியே கையோடு வந்துவிடும். ஆனால் துப்பாக்கியின் பாகமும் ஆயுதக் கணக்குதான். லைசென்ஸ்காரர் கைப்பட எழுதிக் கொடுத்தால், ரிப்பேருக்காக வேறொருவர் எடுத்துப் போகலாம் என்று சட்டத்திலேயே வழி இருக்கிறது. அப்பா எழுதிக் கொடுத்தார். எட்டாம் வகுப்பில் எழுதித் தந்த லீவ் லெட்டருக்குப் பிறகு அவர் எனக்காக எழுதியது இதுதான். "சரியாவுமாடே?" என்று மட்டும் கேட்டார். நான் முகத்தைப் பார்க்காமல் "ஆவும்ப்பா" என்றேன்.

பூட்டை டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை மதில் ஜன்னலில் ஓடியது. தினமும் பார்க்கிற மதில்தான். அன்றைக்கு வேறு மாதிரி தெரிந்தது. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த மார்த்தாண்ட வர்மா, பிடிபட்ட டிலனாயைக் கழுவில் ஏற்றவில்லை. தன் படைக்குப் பயிற்சி கொடுக்கிற வேலையில் வைத்துக்கொண்டார். இந்தக் கோட்டைக்குள்தான் பீரங்கி வார்க்கும் உலை இருந்தது. 1777-ல் இறந்த டிலனாயின் கல்லறையும் உள்ளேயே இருக்கிறது. கல்லில் லத்தீனோடு தமிழும் உண்டு. அப்போது பல நாட்டுச் சிப்பாய்களும் தூக்கியது டப்பாவில் இருந்த இதே ஜாதிப் பூட்டைத்தான். எத்தனை ஸ்பிரிங் ஒடிந்திருக்கும், எத்தனை பேர் அரம் போட்டிருப்பார்கள்! எங்கள் துப்பாக்கியும் இந்தக் கோட்டையிலிருந்து வந்தது என்று பாட்டா சொல்வாராம். அதில் ஒரு முத்திரையும் இல்லை. ஆசை, அவ்வளவுதான்.

பெரியவர் பூதக்கண்ணாடியில் ஒடிந்த இடத்தைப் பார்த்தார்.

"பாதி கறுப்பு, பாதி வெள்ளை. கறுப்பு பழைய விரிசல். துரு ஏறி எத்தனையோ வருசமா கெடந்திருக்கு. மிச்சம் இப்பதான் போயிருக்கு. சமீபத்துல யாராச்சும் குதிரையை இழுத்து அப்படியே வச்சிருந்தீயளா?"

"தெரியல, அண்ணாச்சி."

"வெல்டிங் வச்சா?" என்று பேச்சை மாற்றினேன்.

"அடுத்த தீபாவளிக்கு நீங்க திரும்ப வரணும்."

ரெண்டு துண்டையும் காகிதத்தில் சேர்த்து வைத்துப் பென்சிலால் வரைந்துகொண்டார். எஃகுப் பட்டை ஒன்றை எடுத்து, பழுக்கக் காய்ச்சி மடக்கினார். மடிப்பில் மயிரிழை வெடிப்பு. ஒன்றும் சொல்லாமல் தூக்கி மூலையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். அரம் நீளவாக்கில்தான் ஓடியது. குறுக்கே ஒரு கீறல் விழுந்தாலும் விரிசல் அங்கே ஆரம்பிக்குமாம். இரண்டு மணி நேரம் அரம், அப்புறம் பட்டுக் காகிதம். திரும்பக் காய்ச்சி எண்ணெயில் முக்கினார்.

"இப்ப கீழ போட்டா முறுக்கு மாதிரி ஒடியும். இனிமதான் வேலை."

பளபளவென்று தேய்த்து, இளஞ்சூட்டில் காட்டினார். எஃகின் மேல் நிறம் ஓட ஆரம்பித்தது. வைக்கோல் மஞ்சள், பழுப்பு, கத்தரிப்பூ... நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீலம் வந்ததும் சட்டென்று எடுத்துவிட்டார். சுமார் 300 டிகிரி! தெர்மாமீட்டர் அவர் கண்தான். மஞ்சளில் எடுத்தால் கத்திக்கு நல்லது, ஸ்பிரிங் ஒடியும். நீலத்தைத் தாண்டவிட்டால் வளைந்தது நிமிராது. அந்த வினாடி எது என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அவர் பையனுக்கும் தெரியாதாம். செல்போன் கடை வைத்திருக்கிறான்.

ஸ்பிரிங்கை முழுக்க அமுக்கி, பிடியில் மாட்டி, ராத்திரி முழுக்க வைத்தார். காலையில் அவிழ்த்து அளந்தார். முந்தின நாள் அளவுக்கு ஒரு நூல்கூடக் குறையவில்லை. என் இரண்டாவது லீவு அப்படித்தான் செலவானது.

அன்று ராத்திரியே பூட்டை மாட்டினேன். மருந்தில்லை, குழாய் காலி என்று அப்பா கம்பி விட்டுப் பார்த்துக்கொண்டார். விளக்கு அணைந்தது. குதிரையை இழுக்கும்போது அவர் கை நடுங்கியது.

'ச்சிலுக்!'

பொறி வெளிச்சத்தில் ஒரு கணம் அவர் முகம் தெரிந்தது. பையன், "பாட்டா, இன்னொண்ணு" என்றான். ஐந்து தடவை ஆயிற்று. அம்மை வந்து, "போதும், பிள்ளைகள் உறங்கட்டும்" என்று விளக்கைப் போட்டாள்.

அப்பா குதிரையைப் பெருவிரலால் பிடித்து, மெதுவாக, முழுக்கக் கீழே இறக்கினார். துப்பாக்கியை என்னிடம் நீட்டினார்.

"கொண்டு மாட்டுடே. இந்த வாட்டி குதிரையை நிக்க விட்டுட்டுப் போவாதே."