பழைய கணக்கு நிரலைப் பழுது பார்த்தல்

பல்லாண்டுகள் ஒழுங்காக நடந்துவந்த கணக்கு நிரலைப் புதிய கம்ப்யூட்டரில் ஏற்றியதும், அது முதல் திரையையும் காட்டாமல் ‘ரன்டைம் எரர் 200’ என்று அறிவித்து நின்றுவிடுவதுண்டு. நூல் இருப்பு, உறுப்பினர் கடன், பங்குத்தொகை யாவும் உள்ளே சிக்கிக்கொள்ளும். எழுதியவரைத் தேடினால் அகப்படார், மூலப்படியும் கிடைக்காது. அந்நிலையில் நிரல் கோப்பையே திருத்துவது எவ்வாறு என்பதை ஈண்டு விளக்குவோம்.

போர்லண்ட் நிறுவனம் 1992-இல் வெளியிட்ட டர்போ பாஸ்கல் 7 கொண்டு ஆக்கப்பெற்ற நிரல்களிலேயே இப்பிழை பெரிதும் தோன்றுகிறது. திரையை ஆளும் அதன் ‘சி.ஆர்.டி.’ என்னும் பகுதி, தொடங்கும்போதே கம்ப்யூட்டரின் வேகத்தை அளக்கிறது. கடிகாரத் துடிப்பு ஒன்றின் காலமாகிய 55 மில்லிவினாடிக்குள் எத்தனை முறை சுற்ற முடிகிறது என்று எண்ணி, அத்தொகையை 55-ஆல் வகுக்கிறது. ஈவை வைக்க ஒதுக்கிய இடமோ 65,535 வரையே கொள்ளும். எண்ணிக்கை சுமார் 36 லட்சத்தைத் தாண்டினால் ஈவு அடங்காது. அவ்வேகத்தை அந்நாளில் எவரும் எதிர்பார்க்கவில்லை. பூஜ்யத்தால் வகுத்ததாகப் பிழைச்செய்தி கூறுகிறது; உண்மையில் பூஜ்யத்தால் வகுத்தவர் எவருமில்லை!

திருத்துமுன் ஒன்று கேட்கவேண்டும்: திருத்தந்தான் தேவையா? 64 பிட் விண்டோஸில் இத்தகைய பழைய டாஸ் நிரல்கள் நேரே ஓடா. டாஸ்பாக்ஸ் போன்ற துணை நிரலுக்குள் ஓட்டவேண்டும். அங்கு வேகத்தைக் குறைத்து வைத்தாலே பிழை நீங்கிவிடும். அதனால் தீருமானால் கோப்பைத் தொடாதிருப்பதே நன்று.

தொட்டே ஆகவேண்டுமெனில், முதற்கண் நிரலையும் கணக்குக் கோப்புகளையும் வேறோர் இடத்தில் படியெடுத்து வைக்க. திருத்தம் படியில்தான், மூலத்தில் அன்று. பின்னர் ஹெக்ஸ் எடிட்டரில் படியைத் திறந்தால், ஒவ்வொரு பைட்டும் பதினாறடிமான எண்ணாகத் தெரியும். 55 என்பது அங்கு 37. தனித்த 37 ஆயிரம் இடங்களில் இருக்கும். அதைத் தேடிப் பயனில்லை. பி9, 37, 00, எஃப்7, எஃப்1 என ஐந்தும் இதே வரிசையில் அடுத்தடுத்து வரும் இடத்தைத் தேடுக. நடுவிலுள்ள 37, 00 என்னும் இரண்டை மட்டும் எஃப்எஃப், எஃப்எஃப் என மாற்றினால் வகுக்கும் எண் 65,535 ஆகும், ஈவு அடங்கிவிடும். இவ்வரிசை பல இடங்களில் தென்பட்டாலோ, எங்குமே இல்லாவிட்டாலோ கையை எடுத்துவிடுக. கோப்பு சுருக்கி அடைக்கப்பட்டிருந்தாலும் இவ்வரிசை கண்ணில் படாது.

திருத்தியபின் நிரலின் தாமதங்கள் குறுகிவிடும். சில வினாடி நின்று காட்டவேண்டிய அறிவிப்பு கண்சிமிட்டும் நேரத்தில் மறையும். கணக்குக்கு அதனால் கேடில்லை.

ஜக்கார்டு தறியில் அட்டைச் சரத்தைக் கையாண்ட நெசவாளர் அடுத்த விதியை எளிதில் உணர்வர். ஓர் அட்டையின் துளையை மாற்றலாம். சரத்தின் இடையே ஓர் அட்டையைச் செருகினால் அதன்பின் வரும் பூவேலை முழுதும் இடம் பெயரும். நிரலிலும் பைட்டின் மேல் பைட்டை எழுதலாமேயன்றி, ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கோப்பின் அளவு திருத்தத்திற்கு முன்னும் பின்னும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

தலைப்பில் சங்கத்தின் பெயரை மாற்ற விரும்புவோருக்கும் இதுவே விதி. பாஸ்கல் நிரலில் ஒவ்வொரு சொற்றொடருக்கும் முன் அதன் நீளத்தைக் கூறும் பைட் ஒன்று உண்டு. புதுப்பெயர் குறுகியதாயின் எஞ்சிய இடத்தை இடைவெளியால் நிரப்புக, நீண்டதாயின் சுருக்குக. தமிழில் மாற்றலாம் என்னும் ஆசை மட்டும் பலிப்பதில்லை. ‘யார்ன்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு 4 பைட் போதும்; ‘நூல்’ என்பதற்கோ இன்றைய யூ.டி.எஃப்.-8 முறையில் 12 பைட் வேண்டும். இடம் கிடைத்தாலும் டாஸ் திரை அதைக் காட்டாது.

இறுதியாக டாஸின் ‘எஃப்.சி.’ கட்டளையை ‘/பி’ என்னும் குறியுடன் இட்டு, மூலத்தையும் படியையும் ஒப்பிடுக. மாறிய பைட்டுகள் வரிசையாகத் தெரியும். மேற்கூறிய திருத்தத்தில் அவை இரண்டுதான். மூன்றாவது தோன்றினால் படியை அழித்து மீண்டும் தொடங்குக. ஒப்பு சரியானபின், தணிக்கை முடிந்த ஓராண்டின் கணக்குகளைப் படியெடுத்து அதில் ஓட்டி, இருப்பும் வட்டியும் தணிக்கை அறிக்கையுடன் பைசா பிசகாது பொருந்துகின்றனவா என்று பார்த்தபிறகே நடப்புக் கணக்கை அதன்வசம் ஒப்படைக்கலாம்.