புகை இல்லாத மலை
மாதேரானில் ஒரு நாள் நடை

மும்பையில் ஆறு நாள் வேலை. ஏழாவது நாளும் அதே நெரிசல், அதே புகை. இதில் இருந்து ஒரு நாளாவது தப்பிக்க நினைப்பவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு மலை இருக்கிறது. அதுதான் மாதேரான்.

'தலைமேல் காடு' என்பது பெயரின் பொருள். சுமார் 800 மீட்டர் உயரம். 1850-ல் தானே கலெக்டராக இருந்த ஹியூ மாலெட் இங்கே ஏறினார். பிறகு இது மலைவாசஸ்தலமாக வளர்ந்தது.

தாதர் அல்லது குர்லாவில் கர்ஜத் மின்சார ரெயிலில் ஏறி, நேரல் நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து 1907-ல் தொடங்கிய சிறிய ரெயில் 21 கிலோ மீட்டர் வளைந்து வளைந்து மலை ஏறுகிறது. மழைக்காலத்தில் நேரலில் இருந்து அந்த ரெயில் ஓடாது.

டாக்சியில் போனால் தஸ்தூரியோடு சரி. அதற்கு மேல் கார், பஸ், மோட்டார் சைக்கிள் எதுவும் போகக்கூடாது. சுமார் 2½ கிலோ மீட்டர் நடந்தால் கடைவீதி வந்துவிடும்.

செம்மண் பாதை. இருபுறமும் மரங்கள். உச்சி வெயிலிலும் நிழல் உண்டு. சார்லட் ஏரிக்கரையில் பிசர்நாத் கோவில் இருக்கிறது. லூயிசா முனையில் நின்றால் எதிரே பிரபல் கோட்டை தெரியும். சூரிய உதயம் காண பனோரமா முனை.

நடக்க முடியாதவர்களைக் கைரிக்‌ஷாவில் வைத்து ஏழைத் தொழிலாளர்கள் இழுத்து வந்தார்கள். ஏற்றத்தில் ஒருவர் இழுக்க, மற்றவர்கள் தள்ளுவார்கள். தமிழ்நாட்டில் 1973-ல் ஒழிக்கப்பட்ட வண்டி அது! மாதேரானில் அதை 6 மாதத்துக்குள் நிறுத்தும்படி 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. மனிதனை மனிதன் இழுப்பது மனித கண்ணியத்துக்கு ஏற்றதல்ல என்று நீதிபதிகள் கூறினார்கள். இழுத்தவர்களின் பிழைப்புக்கு மின்சார ரிக்‌ஷா கொடுக்கவும் வழி சொன்னார்கள்.

கார் வராததால் காடு பிழைத்தது. அதற்கான விலையை ஏழையின் தோள் கொடுத்தது. இனி இரண்டும் பிழைக்க வேண்டும்.

போகிறவர்கள் விடியற்காலை ரெயிலைப் பிடிப்பது நல்லது. கட்டுச்சோறு, தண்ணீர், வழுக்காத செருப்பு அவசியம். பொட்டலத்தைக் குரங்குகளிடம் இருந்து காப்பாற்றிக்கொள்ள வேண்டும். மலை விளிம்பில் குழந்தைகளின் கையை விடக்கூடாது. கால் வலிக்கும். ஆனால் மறுநாள் வேலைக்குப் போகும்போது மனம் லேசாக இருக்கும்.