பனியும் கணக்கும் பிரெஞ்சில்

கனடாவில், பாடங்களைப் பிரெஞ்சிலேயே நடத்தும் 'பிரெஞ்சு இம்மெர்ஷன்' வகுப்புகளில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். மிகச் சிறு வயதிலேயே தொடங்கும் முறையில், முதல் வகுப்புக் குழந்தைக்குக் கணக்கு, அறிவியல், ஓவியம் எல்லாமே பிரெஞ்சில்தான். இந்த மாணவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பிரெஞ்சு பேசாதவர்கள். ஆங்கிலம், பஞ்சாபி, சீனம், தமிழ் என்று எதையோ பேசி வளர்பவர்கள். புரியாத மொழியில் எப்படிப் பாடம் புரியும்? அந்த வகுப்பின் ஒரு வாரத்தைக் கவனித்தால் விடை கிடைக்கும்.

காலையில் முதல் வேலை நாட்காட்டி. இன்று என்ன கிழமை, நேற்று என்ன கிழமை, வெளியே வெயிலா பனியா என்று ஆசிரியர் அதே வாக்கியங்களில், அதே வரிசையில், படத்தைத் தொட்டுக் காட்டிக் கேட்கிறார். திங்கள் கேட்டதைச் செவ்வாயும் கேட்கிறார். சில வாரங்களில், அடுத்து என்ன கேட்பார் என்பது குழந்தைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். பொருள் முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, சொல் பின்னால் வந்து அதோடு சேர்ந்துகொள்கிறது. பார்ப்பவர்க்கு அலுப்பூட்டும் இந்தத் திரும்பச் சொல்லல்தான் வகுப்பின் உயிர்நாடி.

அறிவியல் நேரத்தில், அப்போதுதான் விழுந்த பனியை ஒரு குவளை நிறைய எடுத்து வருகிறார்கள். உருகினால் தண்ணீர் எதுவரை நிற்கும்? ஆளுக்கொரு கோடு போடுகிறார்கள். பலரும் விளிம்பையொட்டித்தான் போடுவார்கள். ஆனால் புதுப்பனியில் பெரும்பகுதி காற்று. 10 சென்டிமீட்டர் பனி உருகினால் சுமார் 1 சென்டிமீட்டர் தண்ணீர்தான் மிஞ்சும். குவளையில் மட்டம் இறங்க இறங்க, "லா நேஜ் ஃபோன்" என்கிறார் ஆசிரியர்: பனி உருகுகிறது. அந்தச் சொல்லை யாரும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையே இல்லை. கண்முன் நடப்பதே அகராதி.

ஒலிகள்தான் கடினம். உதட்டை 'ஊ' சொல்வதுபோல் குவியுங்கள். நாக்கை மட்டும் 'ஈ' சொல்லும் இடத்தில் வையுங்கள். வரும் ஒலி தமிழிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. பிரெஞ்சில் தெருவையும் சக்கரத்தையும் பிரித்துக் காட்டுவது இந்த ஒலிக்கும் வெறும் 'ஊ'வுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே. 1984இல் ஜானெட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு: ஆறு மாதக் குழந்தைகள் தாய்மொழியில் இல்லாத ஒலி வேறுபாடுகளையும் கேட்டுப் பிரிக்கிறார்கள், முதல் பிறந்தநாள் நெருங்கும்போது அந்தத் திறன் மங்கிவிடுகிறது. ஆறு வயதில் வகுப்புக்கு வரும் குழந்தை, கைக்குழந்தையாய் இருந்தபோது காதுக்கு எட்டியதை மறுபடி பிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் வாரத்துக்கு ஓர் ஒலி என்று எடுத்துக்கொண்டு, பாட்டிலும் படத்திலும் அதையே தேடுகிறார்கள். வெள்ளிக்கிழமை அதே சொற்களைச் சொல்லி எழுதச் சொல்வதும் பல வகுப்புகளில் வழக்கம்.

இதெல்லாம் தொடங்கியது 1965இல், மொன்றியலுக்கு எதிர்க்கரையில் உள்ள சென் லம்பேரில். பிரெஞ்சு பேசுவோர் நிறைந்த கியூபெக்கில் வாழ்ந்தும் தம் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு வரவில்லையே என்று வருந்திய ஆங்கிலம் பேசும் பெற்றோர், பள்ளி நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி அங்கே ஒரு மழலையர் வகுப்பைப் பெற்றார்கள். மெக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட்டும் அவருடைய சகாக்களும் அந்தப் பிள்ளைகளை ஆண்டுதோறும் சோதித்தார்கள். ஆங்கிலம் கெட்டுவிடும் என்ற அச்சம் நிலைக்கவில்லை. ஆங்கில வாசிப்பு தொடக்கத்தில் பின்தங்கியது. பள்ளியில் ஆங்கிலப் பாடம் தொடங்கியதும் சில ஆண்டுகளிலேயே ஈடாகிவிட்டது. எழுத்தைப் பார்த்து ஒலியைக் கண்டுபிடிப்பதும், அடுத்து வரப்போவதை ஊகிப்பதும் ஒரு மொழியில் கைவந்தால் இன்னொன்றுக்கும் உதவும் என்று டொராண்டோ ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் பின்னர் விளக்கினார்.

ஆனால் இந்த முறைக்கு ஓர் ஓட்டை உண்டு. அதை மறைக்கக் கூடாது. பிள்ளைகளின் கேட்டலும் வாசித்தலும் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளை நெருங்குகின்றன, பேச்சு நெருங்குவதில்லை. டொராண்டோ ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன் 1985இல் சொன்ன காரணம் எளியது: கேட்டால் மட்டும் போதாது, பேசவும் வேண்டும். கேட்பவர் பாதி புரிந்தாலே சமாளித்துவிடலாம். பேசுபவர் வாக்கியத்தை முழுதாகக் கட்டியாக வேண்டும்.

தமிழருக்குச் சட்டென்று விளங்கும் சான்று ஒன்று இருக்கிறது. பிரெஞ்சிலும் நம் 'நீ', 'நீங்கள்' போல் 'தியு', 'வூ' என்று இரண்டு உண்டு. 'வூ' பலரையும் குறிக்கும், மரியாதையையும் குறிக்கும். ஆசிரியர் ஒரு குழந்தையைப் பார்த்து 'தியு' என்கிறார், வகுப்பு முழுவதையும் பார்த்து 'வூ' என்கிறார். ஒரே ஒருவரை மரியாதையோடு 'வூ' என்று அழைக்கும் தருணம் அந்த அறையில் அரிதாகவே வருகிறது. எனவே, 'வூ' என்றால் பலர் என்றே குழந்தை முடிவுகட்டுகிறது. அதன்மீது குற்றமில்லை, கேட்டதை வைத்துச் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது. நான்கு சுவருக்குள் நடக்காத வாழ்க்கை மொழிக்குள்ளும் வருவதில்லை.

ஆகவே அந்த வாழ்க்கையை உள்ளே கொண்டுவர வேண்டும். வாரத்தில் ஒரு பிற்பகலை விளையாட்டுக் கடைக்கு ஒதுக்கலாம். ஒரு குழந்தை கடைக்காரர், இன்னொன்று முன்பின் தெரியாத வாடிக்கையாளர். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று 'வூ' போட்டுக் கேட்டால்தான் ஆப்பிள் கைமாறும்.