சிறார் மொழியில் எண்ணும் எழுத்தும்

'படித்தல் என்பது யாது?' எனத் தொடக்கப் பள்ளிச் சிறாரை வினவின், 'சத்தம் போட்டுச் சொல்றது' என்பான் ஒருவன். 'எழுத்துக் கூட்டுறது' என்பாள் மற்றொருத்தி. கணக்கைப் பற்றிக் கேட்பின், 'போடுறது' என்னும் ஒரு சொல்லே பெரும்பாலும் விடையாகும். பொருள் உணர்தலை முதலிற் கூறுவார் அரியர். 2022 இல் தமிழ்நாட்டரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கிய பின்னர்ச் சிறாரின் அடிப்படைத் திறன் பெரிதும் பேசப்படுகின்றது. அப்பேச்சினிடையே இத்தகைய விடைகளை அறியாமை என ஒதுக்குதல் எளிது. நாம் அவ்வாறு ஒதுக்கத் துணியோம். இச்சொற்கள் சிறார் புனைந்தவை அல்ல. பள்ளி அவர்க்கு வழங்கியவை.

திண்ணைப் பள்ளியில் மாணாக்கன் மணலில் விரலால் எழுதினான். எழுதும்போதே உரக்கச் சொன்னான். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி ஆகிய மூன்றும் கையும் வாயும் செவியும் ஒருங்கு இயங்கப் பயிலப்பட்டவை. அங்கு நினைவாற்றல் வெறும் மனப்பாடம் அன்று, கற்கும் முறையே அது என்பதைத் தமிழ்நாட்டுக் கணித வரலாற்றை ஆராய்ந்த செந்தில் பாபு விளக்கியுள்ளார். ஆதலின் 'சத்தம் போட்டுச் சொல்றது' என்னும் விடை ஒரு பழைய கல்விமுறையின் எச்சம் எனலாம்.

எனினும், வாயில் வழங்கும் எண் மனத்தில் அளவாக அமைந்துவிடும் எனக் கூறல் இயலாது. இதற்குத் தூத்துக்குடி முத்துக்கரையே விளக்கம் தரும். முற்காலத்து முத்து வணிகர் முத்துக்களைத் தரம் பிரிக்கத் துளையிட்ட பித்தளைச் சல்லடைகளைக் கையாண்டனர். 20 துளையுடையது முதல் 1000 துளையுடையது வரை அவை பத்து. துளையின் தொகையே சல்லடைக்குப் பெயர். துளைகள் மிகுதோறும் ஒவ்வொரு துளையும் சிறுக்கும். ஆகவே 20 இல் தங்குவது பெருமுத்து, 1000 இல் தங்குவது பொடிமுத்து. எண் பெருக முத்துச் சிறுக்கும்.

சிறார் பின்னத்தில் இடறுவதும் இவ்விடத்தேதான். எட்டு நான்கினும் பெரிதாகலின், 1/8 என்பது 1/4 இனும் பெரிது என்பர். உலகின் பல நாடுகளிலும் ஆய்வாளர் கண்ட பிழை இது. (கழித்தலிற் 'கடன் வாங்கி'ய பத்தினை எவரும் திருப்பிக் கொடாமையையும், வணிகம் மலிந்த இவ்வூர்ச் சிறார் ஐயுறாது ஏற்கின்றனர்!)

பழந்தமிழ்ப் பின்னப் பெயர்களை ஈண்டு ஒப்பிடல் தகும். 'எட்டில் ஒன்று' என்பது எட்டினை முன்னிறுத்துகின்றது. 'அரைக்கால்' என்பதோ காலிற் பாதி எனச் சொல்லளவிலேயே சிறுமையைக் காட்டுகின்றது. 'முக்கால்' என்பதில் மூன்று கால்கள் வெளிப்படையாக நிற்கின்றன. முந்திரி என்னும் 1/320 இத்தகையது அன்று. அதன் பெயர் அளவினைக் காட்டாது. எனவே பழம்பெயர் அனைத்தும் சிறார்க்கு எளியவை எனல் மிகையாகும். அரைக்கால் என்று கேட்ட சிறுவனும் எட்டில் ஒன்று என்று கேட்ட சிறுவனும் வெவ்வேறு விடை தருவரோ என்பதனை வகுப்பறையில் வினவியே தெளிதல் வேண்டும். அவர்தம் விடைகளைத் திருத்தாது, கூறியவாறே எழுதிக்கொள்ளுதல் தமிழ்த்துறையினர்க்கு உரிய பணி.