பெருங்குடலை எடுத்த பிறகும் தொடரும் அழற்சி

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மருந்துக்கு அடங்காமல் போனால் பெருங்குடலையே எடுத்துவிடுவார்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்துத் தைத்துப் பை போலாக்கி, ஆசனவாயோடு இணைத்துவிடுவார்கள். லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் பார்க்ஸும் நிக்கோல்ஸும் 1978இல் வெளியிட்ட முறை இது. வயிற்றுக்கு வெளியே காலம் முழுக்கப் பை மாட்டிக்கொண்டு திரிய வேண்டியதில்லை.

ஆனால் உள்ளே வைத்த பையும் புண்ணாகும். அதுதான் பௌச்சைட்டிஸ். அறுவை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஒருமுறையாவது இதில் மாட்டுகிறார்கள். சிலருக்கு அது நாள்பட்டதாகிவிடுகிறது. குடும்பவழிப் பாலிப் நோய்க்காக இதே அறுவையைச் செய்துகொண்டவர்களுக்கோ இது அபூர்வம். ஆகவே தையலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

யாருக்கு அபாயம் அதிகம்? பித்தக்குழாய்கள் தழும்பேறிச் சுருங்கும் பி.எஸ்.சி. என்ற நோய் உள்ளவர்களுக்கு முதலில். பெருங்குடல் முழுக்க நோய் பரவியிருந்தவர்களுக்கும், குடலுக்கு வெளியே மூட்டு, கண், தோல் என்று தொல்லை இருந்தவர்களுக்கும் அடுத்து.

அந்த மூட்டுவலியில்தான் வம்பே இருக்கிறது. முழங்கால் குடைகிறது என்று மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். சீட்டும் கேட்பதில்லை, வயிற்றில் என்ன அறுவை என்றும் கேட்பதில்லை. இந்த வகை வலி மாத்திரைகள் பையின் அழற்சியைக் கிளப்பிவிடக்கூடியவை. மற்ற காரணங்களை மாற்ற முடியாது, இதை நிறுத்தலாம்.

பை வைத்தவர்கள் நாளுக்கு ஆறேழு முறை கழிவறை போவது சகஜம். அது திடீரென்று கூடினாலோ, அடக்க முடியாத அவசரம், ரத்தம், காய்ச்சல் என்று வந்தாலோ டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். முதல் மருந்து பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது மெட்ரோனிடசோல். கேட்காமல் நான்கு வாரம் தாண்டினால் நாள்பட்டது என்பார்கள். அந்த முத்திரைக்கு முன் ஸ்கோப் பார்த்து, திசு எடுத்து, சி.டிஃப் கிருமி இருக்கிறதா என்று மலத்தையும் சோதிக்கச் சொல்லிக் கேட்பது நோயாளியின் உரிமை. பையின் ஒரு பாதி மட்டும் கோடு கிழித்தாற்போல் சிவந்திருந்தால் ரத்த ஓட்டக் குறைவாக இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாடிக் எடுபடாது. மெட்ரோனிடசோலை மாதக்கணக்கில் விழுங்கினால் கால் மரத்துப்போகவும் கூடும். ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத நிலைக்கு வெடோலிசுமாப் ஊசியை ஐரோப்பா 2022இல் அனுமதித்தது.

டாக்டரை மாற்றுவதென்றால் பழைய அறுவைக் குறிப்பும், எடுத்த பெருங்குடலின் திசு அறிக்கையும் கையில் இருக்க வேண்டும். உண்மையில் இருந்தது குரோன்ஸ் நோயா என்ற சந்தேகத்துக்கு அதில்தான் தடயம் கிடைக்கும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தந்தாக வேண்டும். எழுத்தில் கேட்டு, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது.