டவர் இல்லாத மலையில் ரெக்கார்டர் ஏன் இரைகிறது?

நாமக்கல் பக்கம் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் கொல்லிமலை. நண்பர் ஒருத்தர் அங்கே வயசானவங்க பாடும் பாட்டுகளைப் பதிவு செய்துகிட்டு வர்றார். போன மாசம் அனுப்பிய ஒரு பதிவில், பாட்டி ஒருவர் பாடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் 'டட்-டட்-டட்… டுர்ர்ர்' என்று ஒரு இரைச்சல். இரண்டு அடி பாட்டு அப்படியே போச்சு. அதே பாட்டை அதே மாதிரி அவர் மறுபடி பாடுவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

"அங்கே பக்கத்துல டவர்கூட இல்லையே, எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். டவர் பக்கத்தில் இல்லாததுதான் காரணம்.

டவர் அருகில் இருந்தால் 2ஜி போன் தன் சக்தியைச் சில மில்லிவாட் வரை குறைத்துக்கொள்ளும். சிக்னல் மங்கினால் தொண்டை கிழியக் கத்தும். 900 மெகாஹெர்ட்ஸில் உச்சம் 2 வாட். 4ஜி போனின் உச்சம் சுமார் 0.2 வாட்தான். பள்ளத்தில் 4ஜி விட்டுப்போனால் பல போன்கள் 2ஜிக்கு இறங்கும், அதாவது பத்து மடங்கு கத்தும் இடத்துக்கு.

அந்த அலை நம் காதுக்கு எட்டாது. ஆனால் 2ஜி போன் விட்டுவிட்டுப் பேசுகிறது, 4.615 மில்லிவிநாடிக்கு ஒரு முறை. விநாடிக்கு சுமார் 217 துடிப்பு. மைக் பெருக்கியில் உள்ள டிரான்சிஸ்டர் ஒரு டயோடு போல நடந்துகொண்டு, அலையை விட்டுவிட்டு அந்தத் துடிப்பை மட்டும் ஒலியாக்கிவிடும். 217, 434, 651 என்று அது மனுஷக் குரல் இருக்கும் இடத்திலேயே வந்து உட்காருவதால், பிறகு மென்பொருளில் வெட்டினால் பாட்டிக் குரலும் சேர்ந்து வெட்டுப்படும்.

வெளியிலிருந்து வரும் அலையோடு மல்லுக்கட்டுவதில் நம்ம ஊரில் மூத்தவர்கள் ஊட்டிக்காரங்க. முத்தோரையில் 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம். அது கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸை ஒட்டி. அந்தப் பக்கம் 322 முதல் 328.6 வரை உலக அளவில் ரேடியோ வானியலுக்கும் ஒதுக்கப்பட்ட பட்டை. ஒரு 2ஜி போனை நிலாவில் வைத்தாலும், அது பேசும் அலைவரிசையில் வானத்தின் மிகப் பிரகாசமான ரேடியோ மூலங்களில் ஒன்றாகத் தெரியும். அவர்களுக்கு அப்படி ஒரு ஒதுக்கீடு இருக்கு. நமக்கு இருப்பது தூரம் மட்டும்தான்.

அந்தத் தூரம் சாதாரண விஷயமில்லை. ரெக்கார்டருக்கு 10 சென்டிமீட்டரில் இருக்கும் போனை 2 மீட்டர் தள்ளி வைத்தால் வந்து விழும் சக்தி ஏறத்தாழ 400-ல் ஒரு பங்கு ஆகிவிடும். ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. ஜிபிஎஸ் வெறுமனே வாங்கும் வேலைதான் என்பதால் பெரும்பாலான போன்களில் அப்போதும் இடம் காட்டும். எல்லோரும் மறக்கிற போன் ஒண்ணு உண்டு: பாடுகிறவரின் சுருக்குப் பையில் இருக்கும் பட்டன் போன். பெரும்பாலும் அது 2ஜி. அதை வாங்கித் திண்ணை ஓரமா வைக்கச் சொல்லக் கூச்சப்படாதீங்க.

அலுமினிய ஃபாயில் சுற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 33 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு, எட்டு சென்டிமீட்டர் ஒயர் போதும், ஆன்டெனாதான். பெட்டியை மூடிவிட்டு ஒரு மீட்டர் காலர் மைக் ஒயரை வெளியே தொங்கவிட்டால் என்ன பயன்? ஒயரைச் சுருக்குங்கள், முடிந்தால் எக்ஸ்எல்ஆர் கேபிளுக்கு மாறுங்கள். கிளிப் மாதிரி மாட்டும் ஃபெரைட் கொஞ்சம் உதவும், ஆனா பல ரகங்கள் இதைவிடக் குறைந்த அலைவரிசைக்குச் செய்தவை. சாலிடரிங் தெரிந்தவர்கள் மைக் உள்ளீட்டில் 33 பிகோஃபாரட் அளவில் ஒரு குட்டிக் கெப்பாசிட்டர் வைப்பார்கள். சில ரூபாய் செலவு, ஃபெரைட்டைவிட நிச்சயமான வேலை.

மலை ஏறுவதற்கு முன்னாடி வீட்டிலேயே சோதிச்சுப் பார்க்கலாம். மைக்கை மாட்டி, ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, ஒரு பட்டன் போனை ஒயர் மேலேயே வைத்து அதுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்க. மணி அடிப்பதற்கு ஒரு விநாடி முன்னாடியே 'டட்-டட்' வந்தால் அந்த ஒயரை வீட்டிலேயே விட்டுட்டுப் போங்க.